மருமகளின் கல்யாணமும் மூடாத சன்ரூஃபும்

போன ஐப்பசி அடைமழையில், சித்தூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. என் மருமகளின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மருமகளுக்குக் கல்யாணமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் தெருவிலும் அப்படித்தான் கேட்டார்கள். அதனால் முன்கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஒரே மகன். அவன் கல்லூரியில் படிக்கும்போதே அவனுடைய அப்பா காலமாகிவிட்டார். மகனுக்கு நாயுடுபேட்டையிலிருந்து பெண் எடுத்தோம். வந்த புதிதில் அவளுக்குத் தெலுங்கு மட்டும்தான் வாய் நிறைய வரும். தமிழில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, பாதியில் வார்த்தை கிடைக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன். என்னை அவர்கள் ஊர் வழக்கப்படி 'அத்தம்மா' என்றுதான் கூப்பிடுவாள்.

தன் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு மகன் கார் வாங்கினான். கூரையில் கண்ணாடி திறந்து மூடுகிற சன்ரூஃப் மாடல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். "காசைக் கொடுத்து ஓட்டை போட்ட வண்டியையா வாங்குவாங்க?" என்று நான் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அந்தக் கண்ணாடியை அவன் கவனித்த மாதிரி தன் பல்லைக்கூடக் கவனித்ததில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது கூரையைத் திறந்துவைத்து, அந்தக் கண்ணாடி நகர்கிற பள்ளத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியில் கிரீஸ் எடுத்துத் தடவிக்கொண்டிருப்பான்.

கல்யாணமாகி இரண்டு வருடம்கூட அவன் இருக்கவில்லை. ஒருநாள் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டே நெஞ்சைப் பிடித்தவன்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

நாயுடுபேட்டையிலிருந்து அவளுடைய அப்பா அம்மா வந்து கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். காலையில் அவள் தோசை வார்ப்பாள், நான் சட்னி அரைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கோயிலுக்குப் போவோம். சாயங்காலம் ஆனால் ஏதாவது ஒரு சாக்கில் அவனைப் பற்றிய பேச்சு வந்துவிடும். அவன் சின்ன வயசில் செய்த குறும்பை நான் சொல்வேன். எனக்குத் தெரியாமல் அவன் செய்ததை அவள் சொல்வாள். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று முதலில் சொன்னது நான்தான். அவள் பிடி கொடுக்கவில்லை. பிறகு எங்கள் சர்ச் சபையில் தெரிந்தவர்கள் மூலம் திருப்பதியிலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்த ஊர் புத்தூர் பக்கம், தமிழ்க் குடும்பம். திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனக்கென்று யோசிக்கும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அதிகம் பேசாதவர். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, சுவரில் இருந்த என் மகனின் படத்தைப் பார்த்தார். எல்லோரையும் போலப் பார்வையை உடனே திருப்பிக்கொள்ளாமல், கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இருந்தாலும் மனசுக்குள் ஏதோ ஒன்று அவரைப் பக்கத்தில் விடாமல் முரண்டு பிடித்துக்கொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் கார் ஒழுக ஆரம்பித்தது. ஒரு மழை நாளில், உள்ளே கூரையிலிருக்கும் விளக்கின் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி முன் சீட்டெல்லாம் ஊறிப்போய்விட்டது. மகன் போன பிறகு மருமகள்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கூரையைத் திறக்கும் பொத்தானை நாங்கள் இருவருமே தொட்டதில்லை. தொடக்கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை. அப்படியே விட்டுவிட்டோம். வாசலில் உள்ள புங்க மரத்தடியில்தான் வண்டி நிற்கும். அதனுடைய இலையும் பூவும் தூசியும் அத்தனை வருடமாக மேலே விழுந்து, இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கின்றன.

மெக்கானிக் வந்து பார்த்தார். "இது பெத்த பனிம்மா" என்று தெலுங்கும் தமிழுமாக இழுத்தார். மொத்தத்தையும் கழற்றி மாட்டுகிற பெரிய வேலையாம். "எப்டியும் நீங்க தொறக்கறதில்லியே. சுத்தி சிலிக்கான் பூசி ஒரேயடியா அடைச்சிட்லாம். அப்பறம் தொறக்கவும் வராது, ஒழுகவும் ஒழுகாது."

எனக்கு அது சரி என்றுதான் பட்டது. கல்யாணத்தன்று அதே காரில்தான் பெண்ணைத் திருப்பதிக்கு அழைத்துப் போகவேண்டும். பட்டுப் புடவை நனைந்தால் என்ன ஆகும்? அடைத்துவிடுங்கள் என்று சொல்லப் போனேன். மருமகள் கார்க் கதவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றாள். அவள் அன்று இராத்திரி போனில் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அவர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, அடைக்காதீங்க. சனிக்கிழமை நான் வரேன். இன்னா ஏதுன்னு ஒருவாட்டி பாத்துட்டு அப்பறம் அடைச்சிக்கலாம்" என்றார்.

சொன்னபடி சனிக்கிழமை காலையில் திருப்பதி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. அதில் மெல்லிய பிரஷ், பழைய பனியன் துணி, சன்ரூஃபுக்கென்று கடையில் கேட்டு வாங்கின கிரீஸ். போனில் ஒரு வீடியோவையும் போட்டுக் காட்டினார். அதில் பேசியவர் இந்தியில் பொழிந்து தள்ளினார். எங்கள் மூவருக்கும் இந்தி அரைகுறை. ஒரு வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிக்கொண்டு அதைப் பார்த்து முடித்தோம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கண்ணாடியைத் திறந்தால் இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரிப் பள்ளம் இருக்கும். அதில் உள்ள அழுக்கை எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, புதுசை மெல்லிசாகத் தடவவேண்டும். முன்பக்க மூலைகளில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்துக்கொண்டால்தான் வண்டிக்குள் ஒழுகும்.

"மொதல்ல தொறக்கணுமே" என்றார் அவர். மருமகள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். ஒரு முனகல் சத்தம். கண்ணாடி ஒரு சாண் அளவு பின்னால் போய், ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். முனகல்தான் வந்தது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

"வேணாம், வேணாம், விட்ருங்க. பலவந்தம் பண்ணா உள்ள கேபிள் அறுந்துடும்" என்று அவர் தடுத்தார்.

அண்ணாந்து பார்த்தேன். மேற்கே மலைப் பக்கம் வானம் கரேலென்று இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் கூரை மூடாத கார். ஒரு வாரத்தில் கல்யாணம். பேசாமல் சிலிக்கான் பூசச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

அவர் பதறவில்லை. ஸ்டூல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டு ஏறி நின்று, அந்த ஒரு சாண் இடைவெளியில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிரஷ் மூலைக்குள் நுழையவில்லை. அப்போது எனக்கே கை பரபரத்தது. வாழ்நாளெல்லாம் மருந்து அறையில் நின்றவள் இல்லையா? உள்ளே போய் ஸ்பிரிட், பஞ்சு சுற்றின குச்சிகள், கட்டுப் போடும்போது பஞ்செடுக்க உதவுகிற இடுக்கி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து எடுத்து வந்தேன். கூடவே, நோயாளிகளுக்கு மூக்கு வழியாகக் கஞ்சி செலுத்துகிற மெல்லிய குழாய் ஒன்றும் பிரிக்காமல் இருந்தது. "கம்பி வுட்டா உள்ள இருக்கிற டியூப் கிழிஞ்சிடும். இத்த வுட்டுப் பாருங்க, மெத்துன்னு இருக்கும்" என்று கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பல்வரிசை கொஞ்சம் ஒழுங்கில்லாமல், பார்க்க நன்றாக இருந்தது.

தூறல் விழ ஆரம்பித்தது. நான் இன்னொரு ஸ்டூலில் ஏறி அவர் தலைக்கும் கூரைக்கும் சேர்த்துக் குடை பிடித்தேன். மருமகள் உள்ளேயிருந்து சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பை உருவிக்கொண்டு வந்து சீட்டின் மேல் விரித்தாள். வடிகிற ஓட்டைக்குள் குழாயை நுழைத்து மெல்ல மெல்லத் தள்ளினார். திடீரென்று முன்சக்கரத்தின் பக்கத்தில் கறுப்பாகச் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம்.

பிறகு, கண்ணாடி கோணி நின்ற பக்கத்துப் பள்ளத்தில் ஸ்பிரிட் நனைத்த குச்சியை விட்டு அழுக்கை இளக்கி, இடுக்கியால் இழுத்தார். புங்க இலைக் காம்பும் மண்ணும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து ஒரு கட்டியாக வந்தது. அதை நான் நீட்டிய தட்டில் போட்டார். அடுத்த கட்டியை எடுக்கப்போனவர் கையை நிறுத்திவிட்டார். தட்டையே குனிந்து பார்த்தார். அந்தக் கறுப்புக் கட்டிக்குள் ஏதோ மினுங்கியது.

ஜிகினா. தங்க நிறத்திலும் சிவப்பிலும், குண்டூசித் தலை அளவு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் மகன் கல்யாணத்தன்று கோயிலை விட்டு வெளியே வந்ததும், இரண்டு பேரும் இந்தக் கூரை வழியாகத்தான் எழுந்து நின்றார்கள். வெட்கத்தில் அவள் உட்காரப் பார்க்க, அவன் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய சிநேகிதர்கள் கைநிறைய ஜிகினாவை அள்ளி இரண்டு பேர் தலையிலும் கொட்டினார்கள். மாதாமாதம் துடைத்தும் அவன் கைக்கு எட்டாத மூலையில் அது தங்கியிருக்கிறது.

மருமகள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறிப்போனது. "அத்தம்மா..." என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், "வத்து. எனக்கு இந்தப் பெள்ளி வத்து. இந்தக் கல்யாணம் வேணாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் நிற்கிறேன். எதிரே அவர். ஒரு வாரத்தில் மாப்பிள்ளையாகப் போகிறவரிடம் என்ன சொல்வது? அவர் தோளெல்லாம் நனைந்திருந்தது. இடுக்கியை ஒருமுறை துடைத்தார். நிதானமாகச் சொன்னார்: "கல்யாணம் வேணாம்னா வேணாம்மா. அது அவங்க இஷ்டம். ஆனா மழ வந்துக்கினே இருக்குது. இத்த மூடிக் குடுத்துட்டுத்தான் போவேன்."

சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இடுக்கியால் ஒவ்வொரு ஜிகினாத் துணுக்காக எடுத்தார். வழித்துத் தூக்கி எறிந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் எறியவில்லை. ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டில் நனைத்து, என் தட்டின் ஓரத்தில் சுத்தமான பஞ்சின் மேல் வைத்தார். அவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொண்டார். எனக்குள் அத்தனை நாள் முரண்டு பிடித்தது எதுவோ, அது அந்த நிமிடமே விட்டுப்போனது.

பள்ளம் சுத்தமானது. புது கிரீஸைத் தடவினார். மழை வலுத்தது. "கண்ணாடி கோணியிருக்குது. நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், ஒரே சீராப் புடிச்சிக் குடுக்கணும். அதே நேரம் உள்ள யாராச்சும் பொத்தான அழுத்தணும்" என்றார். யாராச்சும் என்றால் வேறு யார் இருக்கிறார்கள்?

நான் உள்ளே போனேன். சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவரைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் என்ன என்றேன்.

"நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்காங்க அத்தம்மா? உங்க புள்ளையப் பத்தி நீங்க யார்கிட்ட பேசுவீங்க? எனக்கு மட்டும் அங்க யாரு இருக்காங்க பேசறதுக்கு?"

அவள் இத்தனை நாள் ஒத்திப்போட்டதற்கெல்லாம் காரணம் இதுதானா? திருப்பதி பக்கத்து ஊர்தானே, வாராவாரம் வரலாமே என்று ஏதேதோ சொல்ல வாயெடுத்தேன். எதுவுமே அவள் கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, "சரிம்மா, கல்யாணத்த அப்பறம் பாத்துக்கலாம். அந்த மனுசன் மழையில நனஞ்சிக்கினு நிக்கறாரு. வந்து பொத்தான மட்டும் அழுத்திட்டுப் போ" என்றேன்.

வந்தாள். அவரைப் பார்க்காமல் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டோம். குடையை எப்போதோ கீழே போட்டாயிற்று. "இப்ப அழுத்துங்க... நிறுத்துங்க... இன்னொருவாட்டி..." என்று அவர் குரல் கொடுத்தார். கண்ணாடி ஒரு நெளிவு நெளிந்தது. நேரானது. அப்புறம் எங்கள் கையை விட்டு வழுக்கிக்கொண்டு, வெண்ணெயில் போகிற மாதிரிப் போய்ப் பொருந்திக்கொண்டது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓடினால் முழுக்க நனைந்துவிடுவோம். கதவைத் திறந்து மூன்று பேரும் காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால். மடியில் அந்தத் தட்டு. ஒழுகுகிறதா என்று மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிமேல் தண்ணீர் அடித்து ஓடியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர், திரும்பாமலேயே கேட்டார்: "அம்மா, அவரு இத்த ரொம்பத் தொறப்பாரா?"

என் மகன் போன பிறகு அவனைப் பற்றி யாராவது என்னிடம் பேசினால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். இல்லாவிட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இந்த மனிதர், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பது போல, சாதாரணமாகக் கேட்டார்.

எனக்கு வாய் திறந்துகொண்டது. எங்கே போனாலும் திறப்பான் என்றேன். சந்திரகிரிப் பக்கம் போனால் கோட்டையைப் பார்க்கவேண்டும் என்று நல்ல வெயிலில் திறந்து வைத்துவிட்டு, எல்லோர் மண்டையையும் காயவைப்பான் என்றேன். ஒருதரம் ஒரு குரங்கு மேலே உட்கார்ந்துகொண்டு, உள்ளே கையை விட்டு என் கைப்பையையே எடுக்கப் பார்த்ததைச் சொன்னேன்.

"கைப்பை இல்ல அத்தம்மா" என்று முன்னாலிருந்து ஒரு குரல். "வாழப்பழம். உங்க கையிலேர்ந்து புடுங்கிச்சி. நீங்க குடுக்கவே இல்ல. ரெண்டு பேரும் இழுத்துக்கினு இருந்தீங்க."

அவர் வெடித்துச் சிரித்தார். "யாரு ஜெயிச்சாங்க?"

"கொரங்குதான்" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் நின்றது. அவர் இன்னும் கேட்டார். அவன் எப்படி வண்டி ஓட்டுவான், என்ன பாட்டுப் போடுவான், எதற்குக் கோபப்படுவான். நான் ஒன்று சொல்ல, அவள் திருத்த, அவள் ஒன்று சொல்ல, நான் மறுக்க, கார்க் கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் பனித்துப்போய்விட்டது. மழை விட்டு ரொம்ப நேரம் ஆகியும் யாரும் இறங்கவில்லை.

கடைசியில் கதவைத் திறக்கும்போது மருமகள் அவரிடம், "அந்தக் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கினு போயிடாதீங்க. அடுத்த வாரம் போறதுக்கு முன்னாடி இன்னொருவாட்டி தடவணும்" என்றாள். கல்யாணம் உண்டு என்பதை அவள் அப்படித்தான் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். காது ஓரம் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அதே காரில் அவளைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். அவளுடைய அப்பா ஓட்டினார், அவள் அம்மாவும் கூட வந்தார்கள். வானம் வெளுத்திருந்தது. சந்திரகிரி தாண்டியதும் அவளாகவே, "நான்னா, பைன தெரவண்டி" என்று அப்பாவிடம் மேலே திறக்கச் சொன்னாள். குளிர்ந்த காற்று குபுகுபுவென்று உள்ளே வந்து, பார்த்துப் பார்த்து வைத்த பூவையெல்லாம் கலைத்துப் போட்டது. அவள் அம்மா அலறினார்கள். மருமகள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கார் இப்போது அவர்களிடம் திருப்பதியில் இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது அதில் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர் வாசலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு பிரஷும் துணியுமாக நிற்பார். நான் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போவேன். துடைத்துக்கொண்டே, "அம்மா, அவரு ஸ்கூல்ல எப்டிம்மா?" என்று ஏதாவது ஒன்றைக் கேட்பார். நான் ஆரம்பித்துவிடுவேன். சில கதைகளை இரண்டாம் முறை சொல்கிறேன் என்று எனக்கே தெரியும். அவர் முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், அவரைக் காட்டி, "இவரு உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள். மருமகளுடைய வீட்டுக்காரர் என்றேன். "அப்போ மகன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். நான் அவளைத் திருத்தவில்லை. அந்த மழையில் நனைந்துகொண்டே, தான் பார்த்தேயிராத என் பிள்ளையின் கல்யாண ஜிகினாவைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கிப் பஞ்சின்மேல் வைத்த மனிதரை வேறு என்ன முறை சொல்லி அழைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.